இணைத்து நோக்கி

ஜூலை 4, வெள்ளி

மதிப்பிற்குரிய குறிப்பேட்டிற்கு வணக்கம். நெடுங்கரைப்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிற்கு நான் தலைவராகப் பொறுப்பேற்றுப் பத்து மாதங்கள் கடந்த பின்னரே இதில் முதல் வரி எழுதப்படுகிறது. இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். வீட்டு வேலையும் ஊரார் மனுக்களும் காரணம் எனலாம். சோம்பலே காரணம் என்று எழுதுவதுதான் நேர்மை.

என் பெயர் செண்பகவல்லி. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றது. எஞ்சியதை அகராதியும் செய்தித்தாளும் கொண்டு நானே கற்றேன். முப்பத்தோராம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தமிழில் தொண்ணூற்றொரு மதிப்பெண் பெற்றேன். இவ்வூரில் முதியோர் உதவித்தொகையானாலும் பட்டா மாறுதலானாலும் மனு எழுதுவது நானே.

இன்று மாதக் கூட்டம். எட்டு வகுப்புகள், முப்பத்தேழு பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். கணக்கிற்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டு ஆண்டுகளாக ஆளில்லை. பக்கத்துப் பெருந்தோப்பூர் உயர்நிலைப் பள்ளியிலோ ஆசிரியர்கள் தேவைக்கு மேல். இதைத் தீர்மானமாக்கி ஒன்றியக் கல்வி அலுவலகத்திற்கு அனுப்புவதென முடிவாயிற்று.

தலைமையாசிரியர் கோமதிநாயகம் சார் ஒரு துண்டுத் தாளில் மாதிரி எழுதி வைத்திருந்தார். "கணக்கு, ஆங்கிலப் பாடங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள் தேவை." அவ்வளவுதான். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதுவதும் இப்படித்தான். ஓர் அரசு அலுவலகத்திற்குச் செல்லும் வாசகத்திற்கு ஒரு நடை வேண்டாமா? தீர்மானப் புத்தகத்தை வாங்கி என் கையாலேயே எழுதினேன்:

"எம் பள்ளியில் நிலவும் ஆசிரியர் குறைபாட்டினைப் பெருந்தோப்பூர்ப் பள்ளியின் ஆசிரியர் மிகுதியோடு இணைத்து நோக்கி, இரு பள்ளிகளுக்கும் பொருந்துவதோர் ஏற்பாட்டினை விரைந்து செய்தருளுமாறு இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கின்றது."

இரண்டு முறை உரக்கப் படித்தேன். உறுப்பினர்களில் மாரீஸ்வரி மட்டும் கேட்டாள்: "அக்கா, கேக்க நல்லாத்தான் இருக்கு. டீச்சர் வேணும்னு எந்த எடத்துல வருது?"

அது பொருளுக்குள் அடங்கியிருக்கிறது என்று விளக்கினேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையொப்பம் இட்டார்.

ஜூலை 5

மாவு அரைக்க மறந்தேன். உப்புமா. "கலெக்டரம்மா வீட்டுல இட்லிக்கும் தீர்மானம் போடணுமோ?" என்றார் என் கணவர் முருகவேல். கொத்தனாருக்கு வாய் கரண்டியை விட வேகம்.

ஜூலை 9, புதன்

பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பார்வையிட்டேன். பார்வையிட்டேன் என்பது மரியாதைக்கு எழுதிய சொல். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். குழாயில் நீரில்லை. தொட்டியில் புழு. தூய்மைப் பணியாளர் வேலம்மாளுக்கு ஐந்து மாதங்களாக ஊதியம் வராததால் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

ஆனால் அதே கழிப்பறையின் வெளிச்சுவர் புத்தம் புதிதாக மின்னுகிறது. மயில், தாமரை, "சுத்தம் நம் சொத்து". பராமரிப்பு மானியம் மார்ச்சு மாதக் கடைசி வாரத்தில் வந்ததாம். ஐந்து நாள்களுக்குள் செலவிட்டு அரசின் செயலியில் நிழற்படம் ஏற்ற வேண்டுமாம். ஐந்து நாளில் குழாய் பதிக்க முடியாது, மயில் வரைய முடியும். இதை என்னிடம் சொன்ன கோமதிநாயகம் சார் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. களைத்துப்போனவராகத்தான் தெரிந்தார். வெட்கமின்மையையும் களைப்பையும் நான் ஒன்றாகவே கருதினேன்.

என் மகள் நித்திலா ஆறாம் வகுப்பு. காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள். ஏனென்று இன்றுதான் விளங்கியது.

ஜூலை 18, வெள்ளி

ஒன்றியத்தின் பத்தொன்பது பள்ளிகளின் குழுத் தலைவர்களுக்கும் வட்டார வள மையத்தில் பயிற்சி. பத்தொன்பதில் பதினேழு பேர் பெண்கள். அறுவருக்குத் துணையாக வந்த கணவர்கள் முன்வரிசையில் அமர்ந்துகொண்டனர்.

வட்டாரக் கல்வி அலுவலர் திரு. பத்மநாபன் அவர்கள் முழுக்கைச் சட்டையுடன் ஒன்றரை மணி நேரம் உரையாற்றினார். "நீங்கதான்ம்மா பள்ளிக்கூடத்துக்கு முதலாளி. நாங்க எல்லாம் உங்க வேலைக்காரங்க" என்றார். எல்லோரும் கை தட்டினர். அடுத்த வரியிலேயே, நிழற்படத்திற்கு எழுந்து நில்லுங்கள், மூன்றாம் வரிசை இன்னும் நெருங்குங்கள், சிரியுங்கள் என்று முதலாளிகளுக்கு ஆணையிட்டார்.

பிறகு சுவரில் ஓர் அட்டவணை காட்டினர். நாற்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் நான்கு, அவை சிவப்பு நிறத்தில். நம் பள்ளியும் அதில் உண்டு. "இது சும்மா தகவலுக்குத்தான்" என்றார் அலுவலர். நன்றியுரை ஆற்ற என்னை அழைத்தனர். ஆற்றினேன். நல்ல உரை என்று பலரும் பாராட்டினர். புளியோதரை ஊசிப்போயிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கொல்லையில் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

வாசிப்புத் திறன் ஆய்வு. வள மையத்திலிருந்து ஒரு பயிற்றுநர் கைப்பேசியோடு வந்திருந்தார். மாரீஸ்வரியின் மகள் காளீஸ்வரி, ஏழாம் வகுப்பு, எழுந்து நின்று முதல் வரியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாம் வரிக்கு வருவதற்குள் பயிற்றுநர் திரையைத் தட்டி "நிலை மூன்று, உட்காரு" என்றுவிட்டார். நிலை மூன்று என்றால் தடையின்றிப் படிப்பவள் என்று பொருள். சன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்தது இது. நம் ஒன்றியம் சென்ற ஆண்டு மாவட்டத்தில் இரண்டாமிடம் பெற்றது எங்ஙனம் என்ற ஐயம் எனக்கு நீங்கியது.

மாலையில் காளீஸ்வரி நித்திலாவோடு வீட்டுக்கு வந்தாள். சோதித்துப் பார்க்க எண்ணி என் தீர்மானத்தின் நகலைக் கொடுத்தேன். "குறை... குறைபா..." என்று நின்றாள். முகம் சிவந்து தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஏழு ஆண்டுகள் பள்ளியில் அமர்ந்த பிள்ளை. எவ்வளவு பெரிய மோசடி இது!

"அம்மா, நான் முழுசாப் படிச்சேன், எனக்கும் புரியலையே" என்றாள் நித்திலா. இவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது. கண்டிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுவேன்.

மாதக் கூட்டத்தில் கோமதிநாயகம் சார் ஓர் ஆணையைப் படித்தார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் அக்டோபர் முதல் நம் பள்ளி பெருந்தோப்பூர் உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கப்படும். கட்டடம் பூட்டப்படும். காரணம் என்ற இடத்தில் இருந்த வரியை அவர் இருமுறை படிக்க நேர்ந்தது, எங்களால் நம்ப இயலவில்லை: "நெடுங்கரைப்பட்டி பள்ளி மேலாண்மைக் குழு ஒருமனதாகக் கோரியதை ஏற்று."

யார் கோரினர்? இக்குழுவில் அப்படி ஒரு பேச்சே எழுந்ததில்லை.

பெருந்தோப்பூர் மூன்றரைக் கிலோமீட்டர். நடுவே நான்குவழிச் சாலை. மேம்பாலம் கிடையாது, சுரங்கப்பாதை கிடையாது. சென்ற ஆண்டு அச்சாலையைக் கடந்த ஆட்டு மந்தையில் பதினோரு ஆடுகள் போயின.

மாரீஸ்வரி எழுந்தாள். "ஏங்க, காளி அந்த ரோட்டத் தாண்டிப் போக மாட்டா. ஏழாப்போட நிறுத்திப்புட்டு மில்லு வேன்ல ஏத்தி விட்டுருவேன். பொறவு என்னைய யாரும் ஒண்ணும் கேக்கப்படாது." வேறு மூன்று தாய்மாரும் அதையே சொன்னார்கள்.

நான் தலைமையாசிரியரை நேரே கேட்டேன். தீர்மானப் புத்தகத்தைச் செயலியில் ஏற்றுபவர் நீங்கள், அலுவலகத்தோடு பேசுபவர் நீங்கள், இத்திருட்டுத் தீர்மானம் எங்கிருந்து வந்தது என்றேன். திருட்டு என்ற சொல்லை அனைவர் முன்னிலையிலும் பயன்படுத்தினேன்.

அவர் ஆணையை மடித்து வைத்தார். "புத்தகம் தணிக்கைக்கு ஒன்றிய ஆபீசுக்குப் போயிருக்கும்மா. வந்ததும் நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார்.

குற்றவாளி பேசும் பேச்சு. அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 2

மிளகாய் வற்றல் காய வைத்தேன். மழை வந்தது. அள்ளினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாவட்டக் கல்வி அலுவலருக்குப் புகார் மனு. மூன்று பக்கங்கள். "குழுவின் அறிவுக்கு எட்டாமல் புனையப்பட்ட தீர்மானம்", "பதவிக்கு இழுக்கு", "நஞ்சினும் கொடிய நயவஞ்சகம்" ஆகிய தொடர்கள் அமைந்தன. என் வாழ்நாளில் இதைவிடச் சிறந்த மனு எழுதியதில்லை. பதிவு அஞ்சலில் அனுப்பினேன்.

முருகவேல் கேட்டார்: "அந்த வாத்தியாரு அப்படிப்பட்ட ஆளா? நம்ம நித்திலாவுக்கு அம்மை போட்டப்ப தெனமும் வந்து வீட்டுப்பாடம் குடுத்துட்டுப் போனாரே." நல்லவர் போல் நடப்பவரே பெரிய ஆபத்து என்று சொன்னேன். அவர் கைகழுவப் போனார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோமதிநாயகம் சாருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறதாம். ஓய்வு பெற அவருக்கு இன்னும் பத்து மாதங்களே உள்ளனவாம். எனக்கு இரக்கமில்லை.

பள்ளி வாசலில் என்னைக் கண்டு வணக்கம் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஒவ்வோர் ஆண்டும் இனிப்பு கொடுப்பார்கள், இந்த ஆண்டும் கொடுத்தார்கள். காளீஸ்வரி தன் மிட்டாயைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஏனென்று கேட்டேன். "கடைசி மிட்டாயில்லா, அதான் அத்த" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒன்றியக் கல்வி அலுவலகம் சென்றேன். திரு. பத்மநாபன் அவர்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவிடுக்கில் அவர் வடை தின்பது தெரிந்தது. கோப்பைக் கவனிக்கும் எழுத்தர் பரிமளா அம்மையாரிடம், போலித் தீர்மானத்தை எனக்குக் காட்ட வேண்டும், பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

அவர் புத்தகத்தை எடுத்து விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆகஸ்ட் 18, மாலை

அது என் கையெழுத்து.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத இயலவில்லை. இன்று எழுதுகிறேன்.

தீர்மானத்தின் கீழே அலுவலகத்தார் சிவப்பு மையில் சுருக்கம் எழுதியிருந்தனர். கோப்பில் சுருக்கத்திற்கு ஒரு வரி இடம்தான் உண்டாம். "பெருந்தோப்பூர்ப் பள்ளியோடு இணைக்க ஒருமனதாகத் தீர்மானம்." என் வாக்கியத்திலிருந்து 'நோக்கி'யை எடுத்துவிட்டு 'இணைத்து' என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இணைத்து நோக்குவது என்றால் சேர்த்து எண்ணிப் பார்ப்பது என்று பொருள். அகராதியில் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

பரிமளா அம்மையார் கெட்டவரல்லர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாலு பள்ளிக்கூடம் லிஸ்டுல இருந்துச்சு. மத்த மூணு ஊர்லயும் டீச்சர் போடுங்க, மூடக்கூடாதுன்னு கோணக்கையெழுத்துல பளிச்சுன்னு எழுதியிருந்தாங்க. அதை வச்சு எங்களால ஒண்ணும் பண்ண முடியல. உங்க தமிழ்தான் எங்களுக்கு வசதியா இருந்துச்சு."

பேருந்தில் வரும் வழியெல்லாம் அவர்களை வெறுக்க முயன்றேன். வெறுப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பொருள் தெரிந்தேதான் திரித்தார்கள். படிக்கத் தெரியாத பிள்ளையை நிலை மூன்று என்று எழுதும் அதே கைகள் இவை. ஆயினும் ஒவ்வொரு முறையும் அந்த வெறுப்பு பாதி வழியில் திரும்பி என்னிடமே வந்து நின்றது. டீச்சர் வேணும்னு எந்த எடத்துல வருது? வரவில்லை, மாரீஸ்வரி. எந்த இடத்திலும் வரவில்லை.

மாலை கோமதிநாயகம் சார் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. சார் வாசலுக்கு வந்தார். எதற்காக எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். இதையும் ஒரு குற்றச்சாட்டைப் போலத்தான் கேட்டேன். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

"ஊருக்கே மனு எழுதுறவங்க நீங்க. சபையில வச்சுச் சொன்னா நாளைக்கு உங்ககிட்ட யாரும்மா எழுத வருவாங்க? நீங்களே பாத்துட்டு வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "நானும் அன்னைக்கே தடுத்திருக்கணும். எங்க ஆபீசுல எதை எப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மனசு கோணக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு நல்ல வாக்கியம் ஆயத்தம் செய்து சென்றிருந்தேன். அது வாயில் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றேன். அவர் தலையசைத்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து விளக்கைப் போட்டார்.

ஆகஸ்ட் 20

என் புகாரைத் திரும்பப் பெறும் மனு, பதிவு அஞ்சலில். நான்கு வரிகள். "தவறு என்னுடையது. தலைமையாசிரியர் குற்றமற்றவர்." அஞ்சலகத்தில் இருப்பவர், இந்த முறை உறை எடை குறைவாக இருக்கிறதே என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சிறப்புக் கூட்டம். உறுப்பினர் மட்டுமின்றிப் பெற்றோர் எல்லாரையும் அழைத்திருந்தேன். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் அமர்ந்தோம்.

ஜூலை நான்காம் நாள் தீர்மானத்தைப் படித்தேன். சிவப்பு மைச் சுருக்கத்தையும் படித்தேன். எழுதியது நான், திருட்டு என்று சாரைச் சொன்னதும் நான், இரண்டும் பிழை என்றேன். பின்வரிசையில் யாரோ ஒருவர், "பெரிய படிப்புப் படிச்சவுக" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வர வேண்டியதுதான்.

தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்ல வாய் திறந்தேன். மாரீஸ்வரி மறித்தாள். "அது எதுக்கு? போட்ட முடிச்ச நீங்களே அவுத்துட்டுப் போங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. நான் சொல்லாதது ஒரு எழுத்துக்கூட வரப்படாது."

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் இருந்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அலுவலகம் என்பதால் பேச்சுத் தமிழைச் சற்று நேராக்க மட்டும் அனுமதி கேட்டேன். 'தயைகூர்ந்து' என்று ஒருமுறை என்னையறியாமல் எழுதிவிட்டேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆயினும் எட்டிப் பார்த்து விரலை வைத்து, "இது என்ன, நான் சொல்லலையே" என்றாள். அச்சொல்லை அடித்தேன்.

முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் தாளைக் காளீஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் தாயைப் பார்த்தாள், பிறகு எழுந்து நின்றாள். 'மேலாண்மை' என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று மூச்செடுத்தாள். மற்றபடி மெதுவாக, வரிக்கு வரி விரல் வைத்து முழுதும் படித்தாள். கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

அறுபத்திரண்டு கையொப்பங்கள், கைநாட்டுகளையும் சேர்த்து. ஒருமனதாக என்ற சொல்லை எழுதவில்லை. பெயர்களே போதும் என்றாள் மாரீஸ்வரி.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தேன். திரு. பத்மநாபன் அவர்கள் ஒருமுறை படித்தார். சுருக்கம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தார். எதை விடுவது என்று தேடினார். மறுபடி படித்தார். "பரிசீலிக்கிறோம்மா" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டார். நகல் கீழே.

வட்டாரக் கல்வி அலுவலருக்கு,

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது. நாங்கள் மூடச் சொல்லவில்லை. ஜூலை மாதம் எழுதிய தீர்மானம் தவறாக எழுதப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழு அதை ரத்து செய்கிறது.

எங்களுக்குக் கணக்குக்கு ஒரு டீச்சர் வேண்டும். இங்கிலீசுக்கு ஒரு டீச்சர் வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். வேலம்மாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் நான்குவழிச் சாலையைத் தாண்டிப் போக மாட்டார்கள். மூடினால் பதினான்கு பெண் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்கள். அவர்கள் பெயர் பின்னால் இருக்கிறது.

அக்டோபருக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.